குழாய்ப் பீரங்கிக்குக் கைதட்டுகிறவர்களுக்கு

வயல் காவலுக்கென்று பழைய குழாயில் பீரங்கி செய்து வெடிக்க வைக்கிற வீடியோக்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. கீழே "எங்கட பெடியளின் மூளை" என்று பாராட்டுகள். எனக்கு அந்தப் பாராட்டுத்தான் பயமாக இருக்கிறது.

தேவை பொய்யில்லை. ஆனையும் பன்றியும் ஒரே இரவில் உழக்கிவிட்டுப் போன வயலில் நிற்கிறவனிடம் சத்தம் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனையைக் கலைக்கவென்று கொடுக்கிற ஆனைவெடி காணாது என்பதும் நியாயம்தான். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள், ஜாம் போத்தலில் விளக்குச் செய்த சனம். சரி. ஆனால் அவை பிழைத்தால் வண்டி நிற்கும், விளக்கு அணையும். இது பிழைத்தால் கை போகும்.

பழைய இரும்புக் கடையில் ஒரு குழாயை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் நீளவாட்டில் ஒரு மெல்லிய கோடு ஓடும். தகட்டைச் சுருட்டி ஒட்டிய இடம் அது. உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியே பெயின்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடியை மூடிய வெல்டிங்கும் மேலே வழவழவென்றிருக்கும், உள்ளே பிடித்திருக்காது. நேற்றுத் தாங்கியது இன்றும் தாங்கும் என்று நினைக்கிறார்கள். நேற்றைய வெடி உள்ளே ஒரு கீறலை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்.

பிவிசி இன்னும் மோசம். அதில் அடித்திருக்கிற எண் தண்ணீரின் அழுத்தத்துக்கு, நொடியில் எகிறும் வாயுவுக்கல்ல. வெயிலில் கிடந்த குழாய் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். சில்லு உடம்புக்குள் போனால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம்.

இந்தக் குழாய்களுக்குள் போடுகிற காபைட்டில் வருவது அசெற்றிலின் என்ற வாயு. காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், இந்தக் காபைட் துவக்கால் கண்ணில் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தபோதுதான் சிலருக்கு வெடித்தது. காபைட் கரைந்து மிஞ்சுவது சுண்ணாம்பு. கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

பிறகு, இது வன்னி. காட்டுக்கரையில் பொறுக்கிய இரும்பில் எது குழாய், எது எறிகணை என்று எல்லோருக்கும் தெரியாது. 2009இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் முல்லைத்தீவில் மிதிவெடி அகற்றுகிற வேலை முடியவில்லை. எறிகணையில் வெடிமருந்து கிளறி எடுக்கிறவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

குழாய்க்குள் கல்லோ இரும்புக் குண்டோ போட்டுவிட்டால் அது சத்தம் போடுகிற சாமானும் இல்லை, மிருகம் வருகிற வழியில் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கின் அண்ணன். கட்டுத்துவக்கில் கால் போனவர்களை எங்கள் ஊர்களில் தேடிப் போக வேண்டியதில்லை.

கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் மின்வேலியும் கூடுதல் ஆனைவெடியும் கேட்டு எழுதுங்கள், முதல் கையெழுத்தை நான் வைக்கிறேன். பீரங்கி வீடியோவை மட்டும் எனக்கு அனுப்ப வேண்டாம்.