கண்டீரவாவில் வென்றதை மறக்க வேண்டாம்
இந்தச் சனிக்கிழமை பெங்களூருவின் கண்டீரவா மைதானத்தில் ஆடுவதாலேயே நம் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி பாதி தோற்றுவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பெங்களூரு எஃப்சியுடன் நாம் மோதிய 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டியும் அங்கேதான் நடந்தது. 9ஆவது நிமிடத்திலேயே பெங்களூரு கேப்டன் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோல் போட்டார், அரங்கமே அதிர்ந்தது. இரு அணிக்கும் நீலச் சட்டைதான் என்பதால் முன்வரிசைச் சிறுவன் என்னையும் தன் கட்சி என்று நினைத்துக் கைகொடுத்தான். பிறகு நம் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களை (மைதான மூலையிலிருந்து உதைக்கப்படும் பந்துகளை) தலையால் முட்டிக் கோலாக்கியதும் அதே கூட்டம் வாயடைத்துப்போனது. கடைசியில் 3-2, கோப்பை நமக்கு. புதிய முன்கள வீரர் வந்தால்தான் விடிவு என்று மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சனிக்கிழமை கார்னர்களை மட்டும் வீணடிக்காமல் இருக்கட்டும். டிக்கெட் வாங்கிவிட்டேன், காலை ரயிலில் கிளம்புகிறேன்.