“பாத்துக்கலாம்” என்று சொல்லி வேலைக்குச் சேர்த்த சொந்தக்காரர்

சின்னதாகக் கடை வைத்திருப்பவர்களில் சொந்தக்காரரை வேலைக்கு வைக்காதவர் அபூர்வம். ஹார்டுவேர் கடையோ, ஜவுளிக்கடையோ, பத்து மெஷின் போட்ட பனியன் யூனிட்டோ, கல்லாவில் நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்தால் நிம்மதி என்று தோன்றுவது இயல்பு. அக்கா வீட்டுக்காரர், மாமா மகன், சித்தப்பா பையன் என்று யாராவது வருவார்கள். சொந்தத்தை வைக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதலாளி ஊரில் இல்லாத நாளில் ராத்திரி பத்து மணிக்கு லோடு வந்தால் நின்று இறக்குவது பெரும்பாலும் சொந்தம்தான். ஆனால் அவர் சேரும் நாளிலேயே, போகும் நாளுக்கான கணக்கையும் எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாத கடைகளில்தான் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போகிறார்கள்.

சிக்கல் தொடங்குவது ஒரு சொல்லில். “சம்பளம் எவ்வளவு மாமா?” என்று பையன் கேட்க மாட்டான். முதலாளியும் சொல்ல மாட்டார். “இப்போதைக்கு கைச்செலவுக்கு வாங்கிக்கப்பா, மத்ததை பாத்துக்கலாம்” என்பார். அந்தப் பாத்துக்கலாமுக்கு எட்டு வருடம் கழித்து என்ன விலை என்று போட்டுப் பார்ப்போம்.

பில் போட்டு, கொள்முதலும் பார்க்கும் வெளியாளுக்கு அந்த ஊரில் மாதம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி மகனுக்குக் கொடுப்பது 12,000. மாதம் 10,000 குறைவு. எட்டு வருடத்துக்கு 9,60,000 ரூபாய். இது பையன் மனதில் ஓடும் கணக்கு. முதலாளி மனதில் ஓடும் கணக்கு வேறு: அவன் அக்கா கல்யாணத்துக்கு மூன்று லட்சம், பைக் வாங்க 90,000, அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது 60,000. மொத்தம் 4,50,000. ஒருத்தர் “நாலரை லட்சம் செஞ்சிருக்கேன்” என்கிறார். இன்னொருத்தர் “ஒம்பதரை லட்சம் என் உழைப்பு நிக்குது” என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று லட்சம் சம்பள பாக்கியா, கடனா, தாய்மாமன் செய்முறையா என்று கொடுத்த அன்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். போகிற நாளில் அதற்குப் பெயர் வைக்க முயன்றால் சண்டைதான் வரும்.

இந்த விஷயத்தில் பழைய ஆட்கள் நம்மைவிடத் தெளிவு. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், அங்கே கடையைப் பார்க்கும் ஆளைத் தங்கள் சமூகத்திலிருந்துதான் எடுத்தார்கள், பல சமயம் நெருங்கிய உறவிலிருந்தே. உறவு என்பதற்காகப் பேசாமல் விடவில்லை. சம்பளச் சீட்டு எழுதினார்கள். தவணை பொதுவாக மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வந்துவிடும். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். போவது முதல் நாளே முடிவான விஷயம் என்பதால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. தவணை வைத்து ஆளை எடுப்பதை இன்றைய சின்னக் கடைகளும் அப்படியே பின்பற்றலாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வருடம் என்று போடுங்கள். முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசி நீட்டிக்கலாம், விலகவும் செய்யலாம்.

சேரும்போது ஒரு பக்கம் எழுதினால் போதும். வேலை என்ன, நேரம் என்ன, விடுமுறை எத்தனை, சம்பளம் எவ்வளவு, தவணை எவ்வளவு. சம்பளம் வெளியாளுக்குக் கொடுப்பதே. குறைவும் வேண்டாம், கூடுதலும் வேண்டாம். உடன்பிறந்தவர், மனைவி, பிள்ளைகளுக்குச் சந்தை நிலவரத்தைவிட அதிகம் கொடுத்தால் அந்த அதிகப்படியை வருமான வரி அதிகாரி செலவாக ஏற்க மறுக்கலாம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அது செலவில் சேராது. ஆகவே சம்பளம் வங்கி வழியாகவே போகட்டும். தொழிலுக்கான படிப்போ தகுதியோ இல்லாமல் மனைவி பெயரில் சம்பளம் காட்டினால் அது கணவர் வருமானத்தோடுதான் சேரும், வரி மிச்சமாகாது.

செய்முறை என்பது வீட்டுப் பணம். அது வீட்டுக் கணக்கிலிருந்து, வீட்டு ஆட்கள் கையால், தட்டில் வைத்துப் போகட்டும். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தால் தனித் தாள்: தேதி, தொகை, மாதம் எவ்வளவு பிடித்தம், இருவர் கையெழுத்து. இதைச் செய்யச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் பத்து நிமிடம்தான்.

அடுத்தது, யாரும் யோசிக்காத ஒன்று: கடையின் போன் நம்பர். பல கடைகளில் பில் புக்கிலும் காலண்டரிலும் அச்சடித்த நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் அவசரத்துக்குப் பையன் தன் ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம்மாக இருக்கும். ஊரில் உள்ள பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மேஸ்திரி எல்லோர் போனிலும் உங்கள் கடை பெயரில் பதிவாகியிருப்பது அந்த நம்பர்தான். வாட்ஸ்அப் பிசினஸ் அதில், யுபிஐ அதில், ஜிஎஸ்டி தளத்துக்கு ஓடிபி வருவதும் அதில். அவர் கோபத்தில் கிளம்பினால் மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட ஓடிபிக்காக அவரிடம்தான் கெஞ்ச வேண்டும். நம்பரை வேறு செல்போன் நிறுவனத்துக்கு மாற்றுவதால் சிம்மின் உரிமை மாறாது. பெயர் மாற்றத்துக்கு அவர் சம்மதமும் அடையாளச் சான்றும் தேவை. சுமுகமாக இருக்கும் நாளிலேயே அதை முடித்துவிடுங்கள். கூகுள் மேப்பில் கடையின் பக்கம், கவுண்டரில் நிற்கும் க்யூஆர் அட்டை எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பது, கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் பாஸ்வேர்டு, சரக்கு அனுப்ப எடுக்கும் இ-வே பில்லின் துணைப் பயனர் கணக்கு, காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம், ஷட்டரின் இரண்டாவது சாவி எல்லாமே இந்த வரிசையில் வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மச்சான், மருமகன் என்பதால் சட்டம் அவரை வேலையாள் இல்லை என்று தள்ளிவிடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டியதில்லை, ஆனால் விசாரணை நடத்தி ஆதாரத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பொதுவாக ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய்க்கு எட்டு வருடம் என்றால் சுமார் 83,077. உங்கள் கடையில் ஐந்தே பேர் என்றால் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சொந்தக்காரருக்கு எவ்வளவு கொடுத்து அனுப்புவது என்று திணறும்போது இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மனதுக்குத் தோன்றிய தொகையைக் கொடுத்தால் குறைவு என்றுதான் படும். கணக்குப் போட்டுக் காட்டிய தொகைக்கு மரியாதை உண்டு. பிஎஃப் இருந்தால் அவர் விலகிய தேதியைத் தளத்தில் உடனே ஏற்றிவிடுங்கள். ஏற்றாமல் விட்டால் பணத்தை எடுக்க முடியாமல் அவர் அலைய நேரலாம்.

இனி, அனுப்ப வேண்டி வந்தால் அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? வீட்டில் பேசாதீர்கள். விசேஷ வீட்டில் பேசவே பேசாதீர்கள். கடை அடைத்த பிறகு, மற்ற ஆட்கள் போன பிறகு, நீங்களும் அவரும் மட்டும். மனைவி வழி உறவு என்றால் மனைவிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், ஆனால் தகவலைக் கொண்டு போகிற வேலையை அவரிடம் விடக் கூடாது. தீபாவளிக்கு முந்திய மாதம் வேண்டாம். போனஸ் கொடுக்க மனமில்லாமல் அனுப்பினார் என்ற பேச்சு தலைமுறைக்கும் நிற்கும். ஆடியும் வேண்டாம், பல குடும்பங்களில் ஆடியில் புது வேலையில் சேர மாட்டார்கள். சட்டம் ஒரு மாதம் என்றாலும் சொந்தத்துக்கு மூன்று மாதம் கொடுங்கள். காரணத்தை வேலையை வைத்தே சொல்லுங்கள். “உனக்கு அக்கறை இல்லை” என்றால் அது சண்டை. “ஆறு மாதத்தில் நாலு தடவை கொள்முதல் பில்லை உள்ளே ஏற்றாமல் விட்டதால் வரிக் கழிவு நின்றுபோனது” என்றால் பேச இடம் இருக்கிறது.

அந்த மூன்று மாதத்தில் நடக்க வேண்டிய முக்கிய வேலை ஒப்படைப்பு. சரக்கு எண்ணுவதை அவர் போகும் வாரத்தில் மட்டும் செய்தால் திருடன் என்று சொன்னது போல் ஆகிவிடும். மாதக் கடைசியில் ஒரு பகுதி என்று எப்போதுமே எண்ணும் பழக்கம் இருந்தால் அந்த மனக்கசப்பு வராது. ஹார்டுவேர் கடையில் எண்ணிக்கை தவறுவது உடைத்த பெட்டிகளில்தான்: கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் விற்கும் திருகாணி, 90 மீட்டர் சுருளிலிருந்து வெட்டி விற்ற ஒயர், அரைத் துண்டாகக் கிடக்கும் பைப். வித்தியாசத்தை எல்லாம் ஆள் மேல் போடாதீர்கள்.

சரக்கைவிட ஆபத்தானது பாக்கி லிஸ்ட். “தம்பி சொன்னாரு, எடுத்துட்டுப் போனேன்” என்று மேஸ்திரிகள் வாங்கிப்போன சிட்டைகள் அவர் தலைக்குள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு பெயராக அவரோடு உட்கார்ந்து எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு போய், அல்லது அவர் முன்னிலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பி, தொகையை உறுதி செய்யுங்கள். பழைய பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் கையெழுத்தோடு ஒப்புதல் வாங்கினால் கெடு புதிதாகத் தொடங்கும். கடைக்குச் சரக்கு போடும் டீலர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இத்தனை நாள் உங்கள் பெயரில் ஆர்டர் போட்டவர் அவர். அவர் விலகியது டீலருக்குத் தெரியாதவரை, அவர் கடனில் எடுத்த சரக்குக்கு உங்களிடம்தான் வந்து நிற்பார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். செய்தியில் “இன்ன தேதி முதல் கொள்முதல், வசூல் இரண்டும் இன்னார் பொறுப்பு” என்று மட்டும் இருக்கட்டும். ஏன் போனார் என்ற ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பணம் கையாடியிருப்பார் என்ற சந்தேகம் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். சாடையாகச் சொல்லாதீர்கள். பில், வங்கி வரவு, சிட்டை மூன்றையும் ஒப்பிட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதி, அவரிடம் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். பாதிச் சந்தேகங்கள் இந்த இடத்திலேயே தீரும், ஏனென்றால் முதலாளியே கல்லாவிலிருந்து எடுத்து எழுதாமல் விட்ட தொகை வெளியே வரும். வெற்றுத் தாளில் கையெழுத்து, நிரப்பாத காசோலை, சான்றிதழைப் பிடித்து வைப்பது, கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்துவது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. முன்பு வாங்கி வைத்த புரோநோட்டு இருந்தால், கணக்கு தீர்ந்த அன்று அவர் கையில் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததையும் எழுதுங்கள்.

கடைசி நாளில் ஒரே தாள், இரண்டு பிரதி. சம்பளம், போனஸில் அவர் பங்கு, பணிக்கொடை, கடன் பிடித்தம், நிகரத் தொகை, சாவியும் சிம்மும் ஒப்படைத்த விவரம், இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை என்ற வரி. பணமாகக் கொடுத்து 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். சாட்சியாகச் சம்பந்தி வேண்டாம், அவருக்கும் பக்கம் உண்டு. கணக்கு எழுதும் ஆடிட்டர் போதும். விட்டுக்கொடுக்கிற கடன் ஏதாவது இருந்தால் அதையும் “விடப்பட்டது” என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டது அடுத்த கல்யாண வீட்டில் பேச்சாக வரும்.

“எதிரிலேயே கடை போட்டுட்டா?” என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். போடக் கூடாது என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன் என்பார்கள். வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 27ஆவது பிரிவின்படி செல்லாது. ஆகவே அந்தத் தாளை நம்பாதீர்கள். உங்கள் கடைப் பெயரை அவர் பயன்படுத்துவதைத் தடுக்க முடியும், அதற்குப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வையுங்கள். மற்றபடி அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், பிழைக்கத்தான் செய்வார். உங்கள் கடையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, புதிதாக வீடுகள் எழும்பும் பகுதியில் போடச் சம்மதித்தால், இரண்டு டீலரிடம் நீங்களே அறிமுகம் செய்து வையுங்கள். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பார்த்த வேலையும் குறித்த அனுபவச் சான்றிதழைக் கடைசிச் சம்பளத்தோடு அன்றே கொடுங்கள். வங்கியில் கடைக்கு லோன் கேட்டுப் போகும்போது அவர் முதலில் நீட்டப்போகும் காகிதங்களில் அதுவும் இருக்கும்.