7 லட்சம் மானியமும் காலை 11 மணிக் காட்சியும்

சட்டசபையில் செய்தித் துறையின் மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் சினிமாக்காரர்கள் தரப்பிலிருந்து ஒரு குரல் கேட்கும்: சிறு முதலீட்டுப் படங்களுக்கான மானியத்தை ஏற்றிக் கொடுங்கள். கேட்பவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 7 லட்சத்தை 15 லட்சமாக்கினாலும் சுயாதீனமாகப் படம் எடுப்பவருக்குப் பெரிதாக எதுவும் மாறாது என்றுதான் நினைக்கிறேன். நீளமான பதிவு, கணக்கெல்லாம் வரும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

திட்டத்தின் சாரம் இது. குறைந்த செலவில் தயாரிக்கப்பட்ட தரமான தமிழ்ப் படத்துக்கு அரசு 7 லட்சம் ரூபாய் தருகிறது. ‘தயாரிக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுப் படமும் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். பிறகு குழு அமைய வேண்டும், குழு பார்க்க வேண்டும், பட்டியல் வர வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும். இதெல்லாம் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இதே துறையின் இன்னொரு வேலையைப் பாருங்கள். 2009 முதல் 2014 வரை வந்த படங்களுக்கான மாநில விருதுகள் கலைவாணர் அரங்கில் கொடுக்கப்பட்டது 2022 செப்டம்பரில். விருதாவது பரவாயில்லை, தாமதமாக வந்தாலும் அலமாரியில் வைக்கலாம். கடன்காரர் அலமாரி பார்த்துவிட்டுப் போவதில்லை.

ஒரு படத்துக்கு 50 லட்சம் செலவு என்று வைத்துக்கொள்வோம். சுயாதீனப் படத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது, வெளியில்தான் வாங்க வேண்டும். மூணு வட்டி என்றால் மாதம் ஒன்றரை லட்சம். அந்தக் கணக்கில் 7 லட்சம் என்பது நாலு மாசம் இருபது நாள் வட்டி. 15 லட்சம் ஆக்கினால் பத்து மாத வட்டி. எழுதத் தொடங்கி, படப்பிடிப்பு முடித்து, எடிட்டிங், டிஐ என்கிற நிறச் சீரமைப்பு, ஒலி மிக்ஸிங் எல்லாம் தாண்டி, தேதி பிடித்து வெளியிடுவதற்குள் இரண்டு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். ஆக அரசு கொடுக்கும் பணம் இயக்குநரின் கை வழியாக ஃபைனான்சியரிடம் போய்ச் சேர்கிறது. மானியம் என்ற பெயரில் அரசு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு முன்பு இருந்த வரிவிலக்கும் இதே லட்சணம். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. நல்ல நோக்கம். ஆனால் வரிவிலக்கின் பலன் வசூலுக்கு ஏற்றபடிதான் கிடைக்கும். 600 தியேட்டரில் ஓடும் படத்துக்குக் கோடிக்கணக்கில் மிச்சம். ஒரே ஒரு காலைக் காட்சி கிடைத்த படத்துக்குச் சில ஆயிரம். பணக்காரப் படத்துக்கு அதிகமாகவும் ஏழைப் படத்துக்குக் குறைவாகவும் கொடுக்கும் ஒரு திட்டத்தை வேண்டுமென்றே யோசித்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பதிலாக உள்ளாட்சி கேளிக்கை வரி வந்து உட்கார்ந்தது. சினிமா டிக்கெட்டிலிருந்து எடுக்கும் அந்தப் பணம் சினிமாவுக்குத் திரும்புவதில்லை.

பிரான்சில் 1946-லிருந்து இருக்கும் தேசிய சினிமா மையம் இதே டிக்கெட் வரியை வைத்துத்தான் ஓடுகிறது. விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் அங்கே போகிறது. ஹாலிவுட் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டும் இதில் சேர்த்தி. 1959-ல் அவர்கள் தொடங்கிய முன்பணத் திட்டத்தில், திரைக்கதையைப் பார்த்து, படம் எடுக்கும் முன்பே பணம் கொடுக்கிறார்கள். படம் சம்பாதித்தால் அதிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். நம் ஊரில் இது நடக்காது என்று சொல்பவர்களுக்கு: கேரளத்தில் டிக்கெட்டுக்கு 3 ரூபாய் கலைஞர்கள் நலநிதிக்குப் பிடிக்கிறார்கள். பக்கத்து மாநிலம்தான், பாரிஸ் இல்லை.

கேரளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1975-ல் தொடங்கிய கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், 2019-ல் பெண் இயக்குநர்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறகு பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அது நீண்டது. திரைக்கதையை வைத்துத் தேர்வு, படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி வரை, தயாரிப்பாளர் கழகமே. இங்கே போல முடித்த படத்துக்குப் பரிசு தருவது வேறு, எடுக்கப்போகும் படத்துக்கு முதலீடு போடுவது வேறு. கடன் வாங்க வீடோ நிலமோ இல்லாதவருக்கு இந்த இரண்டாவது வழி மட்டும்தான் திறந்திருக்கிறது.

இதிலும் சிக்கல் இருக்கிறது. தயாரிப்பாளர் அரசுக் கழகம் என்றால் உரிமையும் கழகத்திடம். எப்போது வெளியிடுவது, எத்தனை தியேட்டர், விளம்பரத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் இயக்குநர் கையில் இல்லை. கோப்பு எந்த மேசையில் நிற்கிறதோ, படமும் அங்கேயே நிற்கும். 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைக் கொள்கை மாநாட்டில் மூத்த மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், ஒன்றரைக் கோடி அதிகம், அதை ஐம்பது ஐம்பது லட்சமாக மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், தேர்வாகிறவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி வேண்டும் என்ற பொருளில் பேசி, பெரிய சர்ச்சை ஆனது. முதல் படம் எடுக்கும் யாருக்கும் பட்ஜெட் போடவும் ஷெட்யூல் பிரிக்கவும் பயிற்சி நல்லதுதான். அதைப் பெண்களிடமும் பட்டியல் சாதியினரிடமும் மட்டும் கேட்பதுதான் இடிக்கிறது. அப்பா தயாரிப்பாளராக இருக்கும் பையனிடம் எந்த மேடையிலும் யாரும் பயிற்சிச் சான்றிதழ் கேட்டதில்லை.

2024 மார்ச்சில் இதே கழகம் ‘சி ஸ்பேஸ்’ என்ற அரசு ஓடிடியைத் தொடங்கியது. படம் பார்க்க 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. ஒரு பார்வைக்கு 37 ரூபாய் 50 பைசா. ஒன்றரைக் கோடிப் படம் இதை மட்டும் நம்பி முதலை எடுக்க 4 லட்சம் பேர் காசு கட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே அரசு ஓடிடி ஒரு நல்ல அலமாரி, படம் தொலைந்துபோகாது. வருமான வழியாக அதைக் காட்டினால் மட்டும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டிலும் ஒன்று வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.

ஒன்றிய அரசின் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. 1960-ல் தொடங்கிய ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், பிறகு அதைத் தன்னுள் இணைத்துக்கொண்ட என்எஃப்டிசி என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், இரண்டும் சந்தை தொடாத பல படங்களுக்குப் பணம் போட்டன. தமிழிலிருந்து தேசிய அளவில் சிறந்த படமாகத் தேர்வான முதல் படம் ‘மறுபக்கம்’, அது என்எஃப்டிசி தயாரிப்பு. 2022-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன், திரைப்பட ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம், திரைவிழா இயக்ககம் எல்லாவற்றையும் இதே என்எஃப்டிசிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். ஐந்து கதவு இருந்த இடத்தில் இப்போது ஒரே கதவு. அடுத்த ஆண்டு நவம்பரில் கோவாவில், இந்தியா வந்து படம் பிடிக்கும் வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்குச் செலவில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 கோடி ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். வருபவர்களுக்கு 30 கோடி, தேனியிலோ தருமபுரியிலோ படம் எடுப்பவருக்கு 7 லட்சம். நம் பையன்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கோயம்புத்தூரில் எடுத்த ‘நசீர்’ படத்துக்கு நெதர்லாந்தின் ஹ்யூபர்ட் பால்ஸ் நிதி கைகொடுத்தது.

சரி, பணம் கிடைத்துப் படம் முடிந்துவிட்டது என்றே வைப்போம். திரை? ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கியது. தமிழ்நாட்டு ஜனங்கள் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில், நேரடியாக ஓடிடியில். பெயர் வாங்கிய படத்துக்கே இந்தக் கதி.

பெயர் வாங்காத படத்துக்கு வெள்ளிக்கிழமை காலை 11 மணிக் காட்சி. அது எப்படிச் சாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டிஜிட்டல் பிரதி தியேட்டருக்குப் போனால் மட்டும் படம் ஓடாது. அதைத் திறக்க கேடிஎம் என்ற சாவி வேண்டும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட திரையின் சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதி வரை மட்டும் வேலை செய்யும். வியாழன் இரவு பெரிய படத்துக்குக் கூடுதல் காட்சி போட, தியேட்டர்காரர் சின்னப் படத்தை இரண்டாம் திரையிலிருந்து நாலாம் திரைக்கு மாற்றுகிறார். இரண்டாம் திரைக்கு வந்த சாவி நாலில் திறக்காது. ஆபரேட்டர் புதுச் சாவி கேட்டு போன் போடுகிறார், தயாரிப்பாளர் தரப்பில் எடுக்க ஆள் இல்லை, 11 மணிக் காட்சி ரத்து. டிக்கெட் வாங்கிய பதினான்கு பேருக்குப் பணம் திரும்புகிறது. திங்கட்கிழமை ‘கூட்டம் இல்லை’ என்று படத்தைத் தூக்கிவிடுவார்கள். சாவி வந்ததா என்று புதன்கிழமையே ஒவ்வொரு தியேட்டருக்கும் போன் செய்து கேட்பதும், திரை மாறினால் உடனே புதுச் சாவி அனுப்ப வியாழன் இரவு முழுக்க ஒருவரை உட்கார வைப்பதும் சிறு படத்துக்கு போஸ்டரைவிட முக்கியமான செலவு.

இதில் அரசு செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய வேலை இல்லை. கேரளக் கழகத்துக்குச் சொந்தத் தியேட்டர்கள் இருக்கின்றன. இங்கே பூந்தமல்லியில் 500 கோடியில் திரைப்பட நகரம் வரப்போகிறது. படம் எடுக்க இடம் இல்லை என்று எந்தச் சுயாதீன இயக்குநரும் அழவில்லையே, அவர்கள் தெருவிலும் வயலிலும்தான் எடுக்கிறார்கள். காட்ட இடம்தான் இல்லை. மாவட்டத் தலைநகரங்களில் ஏற்கெனவே இருக்கும் அரசு அரங்குகளில் 100 இருக்கை, ஒரு நல்ல புரொஜெக்டர், ஒலி அமைப்பு. சிக்கல் எங்கே வரும் என்றால் உரிமத்தில். டிக்கெட் போட்டுப் படம் காட்ட 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று தியேட்டர்காரர்கள் சொல்வது அதைத்தான். நிரந்தரத் தியேட்டருக்கான தீயணைப்பு, கட்டடம், மின்சாரச் சான்றிதழ்களை ஒரு 100 இருக்கை அரங்குக்கும் கேட்டால் திட்டம் அங்கேயே படுத்துவிடும். சிறு அரங்குகளுக்குத் தனி விதி எழுதினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சென்சாரிலும் சின்னப் படத்துக்கென்று சில பொறிகள் உண்டு. கிராமத்துப் படம் என்றால் ஆடு, மாடு, கோழி இல்லாமல் இருக்காது. விலங்கை நடிக்க வைத்தால் விலங்கு நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி, முடிந்ததும் தடையில்லாச் சான்று. ஒரு காலத்தில் சென்னையிலேயே இருந்த அந்த வாரியம் இப்போது ஹரியானாவின் பல்லப்கட்டில் இருக்கிறது. முன் அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டு, பிறகு கணினி வரைகலை என்று சமாளிக்கப் பார்த்து, கடைசியில் காட்சியை வெட்டுவது அடிக்கடி நடக்கிறது. கால்நடை மருத்துவர் சான்றிதழையும் உரிமையாளர் கடிதத்தையும் படப்பிடிப்பு நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் சென்சார் முடிவை எதிர்த்துப் போகும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். மறுஆய்வுக் குழுவுக்கு அடுத்த படி இப்போது உயர் நீதிமன்றம்தான். வெட்டை எதிர்த்து வழக்குப் போடும் காசில் அடுத்த படத்தின் பாதியை எடுத்துவிடலாம் என்பதால், சின்னப் படக்காரர் சொன்ன இடத்தில் வெட்டிவிட்டு வருகிறார்.

இவ்வளவையும் அரசிடம் யார் போய்ச் சொல்வது? ‘திரைத்துறையினருடன் பேச்சுவார்த்தை’ என்று செய்தி வரும்போது படத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். தயாரிப்பாளர் சங்கங்கள், தியேட்டர் உரிமையாளர்கள், திரைத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி, நடிகர் சங்கம். 2018-ல் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் நாற்பத்தேழு நாற்பத்தெட்டு நாள் புதுப் படம் எதுவும் வெளியாகாமல் நிறுத்தினார்கள். கோரிக்கை நியாயமானது, அந்தக் கட்டணம் அதிகம் வலிப்பது சின்னப் படத்துக்குத்தான். ஆனால் வேலைநிறுத்தம் முடிந்ததும் தேங்கி நின்ற படங்கள் வரிசையாக வந்தபோது இடிபட்டதும் சின்னப் படக்காரர்கள்தான். தலைப்பைப் பதிவு செய்வதற்காக மட்டும் சங்கத்தில் சேரும் முதல் பட இயக்குநருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

ஆகவே மனு எழுதுபவர்கள் தொகையை ஓரமாக வைத்துவிட்டு இப்படி எழுதலாம். திரைக்கதையும் பட்ஜெட்டும் பார்த்துத் தேர்வு, தேர்வானதும் 20 சதவீதம், படப்பிடிப்பு தொடங்கும் நாளில் 40, முதல் எடிட் காட்டியதும் 20, சென்சார் சான்றிதழோடு மீதி 20. உரிமை இயக்குநரிடமே இருக்கட்டும், அரசுக்கு வசூலில் பங்கு போதும். தேர்வுக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு, கடந்த ஐந்து வருடத்தில் ஒரு கோடிக்குக் கீழே படம் முடித்தவர்கள். தவணைப் பணத்துக்கு 30 நாள் கெடு, தாண்டினால் துறை எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்த 30 நாள் வரியை மட்டும் வெட்ட விடாதீர்கள். பேச்சுவார்த்தையில் முதலில் அதில்தான் கை வைப்பார்கள்.