சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கல்லூரி ஊர்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாக மனதிலேயே வைத்திருக்கிறேன். நயாகரா பாருங்கள், நியூயார்க் பாருங்கள், அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு நாளை ஒரு சின்னக் கல்லூரி ஊருக்கென்று எடுத்து வையுங்கள். காலையில் போய் இறங்கினால் சாயங்காலத்துக்குள் நடந்தே சுற்றி முடித்துவிடலாம், அப்படிப்பட்ட ஊராகப் பார்த்துப் போங்கள். நான் ஓபர்லின் போய்வந்தேன். போய்வந்த நாளிலிருந்து நம் கல்லூரிகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓபர்லின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது, கிளீவ்லேண்டிலிருந்து தென்மேற்கே 35 மைல். ஊரில் சுமார் எட்டாயிரம் பேர், கல்லூரியில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மாணவர்கள். கிளீவ்லேண்டில் 1978இல் தொடங்கி வருடா வருடம் ஈஸ்டரை ஒட்டி தியாகராஜ ஆராதனை நடக்கிறது இல்லையா, மகள் அந்த ஊரில் வேலை பார்ப்பதால் இந்த முறை அந்தச் சமயம் பார்த்தே போயிருந்தேன். கச்சேரிகளுக்கு நடுவே ஒரு நாள் ஓபர்லின் போகணும் என்றதும் மகளுக்கு ஆச்சரியம். "அம்மா, அங்க ஒரு புல்வெளி, ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். அதுக்கு ஒரு முழு நாளா?" என்றாள். மருமகன்தான் "அத்தை கேக்குறாங்கல்ல, போய்ட்டு வாங்க" என்று கார் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அந்த ஊர்ப் பெயர் நாற்பது வருடப் பழக்கம். நான் மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்தவள். எண்பதுகளில் எங்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்க ஓபர்லினிலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தார். எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, தல்லாகுளத்தில் பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டு, எங்களோடு ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டவர். அவர் தன் ஊரைப் பற்றி ஒரு நாள் சொன்னார்: எங்கள் ஊரில் அணில் வெள்ளையாக இருக்கும், முழு வெள்ளை. நாங்கள் யாரும் நம்பவில்லை. ராமர் மூன்று கோடு போட்ட அணிலைத் தவிர வேறு அணில் தெரியாத பிள்ளைகள் நாங்கள்.

அவரை மதுரைக்கு அனுப்பியது ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பு. லேடி டோக்குக்கும் அமெரிக்கன் கல்லூரிக்கும் பல பத்தாண்டுகளாக இப்படி ஆட்களை அனுப்பியவர்கள். ஷான்சி என்றால் என்ன என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஊர் நடுவில் டாப்பன் சதுக்கம் என்று 13 ஏக்கர் புல்வெளி, அதன் மேற்குப் பக்கம் ஒரு கல் வளைவு நிற்கிறது. அதன் முன் நின்று படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் ஊழியம் செய்யப் போன ஓபர்லின்காரர்கள் 1900இல், வெளிநாட்டவரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1903இல் எழுப்பிய வளைவு அது. 1908இல் அவர்கள் பெயரிலேயே சங்கம் தொடங்கி அங்கே பள்ளிக்கூடத்துக்கு உதவினார்கள், கம்யூனிஸ்ட் புரட்சிக்குப் பிறகு சீனாவின் கதவு மூடியதும் மற்ற ஆசிய நாடுகளின் பக்கம் திரும்பினார்கள். அப்படித்தான் மதுரை. பட்டமளிப்பு நாளில் மாணவர்கள் இந்த வளைவு வழியாக வரிசையாக நடப்பது வழக்கம். ஆனால் கிளர்ச்சியில் செத்த சீனர்களை நினைக்காத வளைவுக்குள் நாங்கள் நுழைய மாட்டோம் என்று சுற்றிக்கொண்டு நடக்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரையும் யாரும் தடுப்பதில்லை. அந்த வளைவடியில் நான் வெகுநேரம் நின்றேன். நான் நாலு வார்த்தை இங்கிலீஷ் தைரியமாகப் பேசுவதற்குப் பின்னால் இவ்வளவு சாவு இருந்திருக்கிறது.

சதுக்கத்தில் வேலி கிடையாது. ஒரு பக்கம் கல்லூரிக் கட்டடங்கள், எதிர்ப்பக்கம் கடைத்தெரு, நடுவே குறுக்கும் நெடுக்கும் நடைபாதைகள். நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற அம்மா, வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிய மாணவன், எல்லாரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். யார் கல்லூரி, யார் ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சக்கரம் வைத்த ஒரு இசை மேடையும் அங்கே உண்டு, எனக்கு நிலையில் நிற்கிற தேர் மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மகள் கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். ஏப்ரல் மாதம், மரமெல்லாம் இன்னும் மொட்டை, நல்ல குளிர். அப்போதுதான் ஓக் மரத்தடியில் அது வந்தது. வால் முதல் காது வரை வெள்ளை, கண் மட்டும் தனியாகத் தெரிகிறது. முன்னங்கால் இரண்டிலும் எதையோ பிடித்துக் கொறித்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது. மகள் போனை எடுப்பதற்குள் மரம் ஏறிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

அப்புறம் அலுமினியம். அலுமினியப் பாத்திரம் புழங்காத வீட்டில் நம்மில் யார் வளர்ந்திருப்போம்? அது மலிவாக வழி பிறந்தது இந்த ஊரில்தான். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியத்தில் ஒரு சின்னக் கூம்பு வைத்தபோது அந்த உலோகம் வெள்ளி விலை விற்றது. இரண்டே வருடத்தில், 1886 பிப்ரவரியில், ஓபர்லினில் முந்தைய ஆண்டு பட்டம் வாங்கிய 22 வயது சார்லஸ் மார்ட்டின் ஹால் தன் வீட்டு விறகுக் கொட்டகையில், தானே செய்த மின்கலங்களை வைத்துக்கொண்டு, உருக்கிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். அதே வருடம் பிரான்சில் எரூ என்பவரும் தனியாக இதையே கண்டுபிடித்தார். இன்றும் தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் அலுமினியம் எல்லாம் இந்த முறையில்தான் வருகிறது. ஹாலின் அக்கா ஜூலியாவும் அதே கல்லூரியில் வேதியியல் படித்தவர், கூட இருந்து சோதனைகளைப் பார்த்தவர். பிறகு காப்புரிமைத் தகராறு வந்தபோது அவருடைய சாட்சியம் தம்பிக்கு உதவியது. அந்த ஜூலியாவின் பெயரை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஹாலுக்கு இந்த ஆசையைக் கிளப்பிய பேராசிரியர் ஜூவெட்டின் வீட்டை இப்போது ஊர்ப் பாரம்பரிய மையம் வைத்திருக்கிறது, உள்ளே அந்த விறகுக் கொட்டகையை மறுபடி அமைத்துக் காட்டுகிறார்கள். சுற்றிக்காட்டியவர் எழுபது வயதுத் தன்னார்வலர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மதுரை என்றேன். இந்தியாவில் எங்கே அது என்று கேட்பார் என்று பார்த்தால் "ஓ, ஷான்சி!" என்கிறார். ஒஹாயோவில், எட்டாயிரம் பேர் ஊரில், மதுரையைத் தெரிந்த ஒரு பெரியம்மா!

அந்த ஊரை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிவது வேறொரு காரணத்துக்காக. 1833இல் ஊரும் கல்லூரியும் சேர்ந்தே பிறந்தன. 1835இல் நிறம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 1837இல் பட்டப் படிப்பில் நான்கு பெண்களைச் சேர்த்தார்கள், மூன்று பேர் 1841இல் ஆண்களுக்குக் கொடுத்த அதே பட்டத்தை வாங்கினார்கள். தெற்கே அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்த காலம் அது. 1858 செப்டம்பரில், கென்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் இருந்த ஜான் பிரைஸ் என்பவரை அடிமை பிடிப்பவர்கள் வண்டியில் ஏற்றி, ஒன்பது மைல் தள்ளியிருக்கும் வெலிங்டனுக்குக் கொண்டுபோய் ஒரு விடுதியில் அடைத்தார்கள். செய்தி தெரிந்ததும் கறுப்பர், வெள்ளையர், மாணவர், கடைக்காரர் என்று ஊரே கிளம்பிப் போய் அவரை மீட்டுக்கொண்டு வந்தது. பிற்காலத்தில் கல்லூரித் தலைவரான ஜேம்ஸ் ஃபேர்சைல்ட் தன் வீட்டில் அவரை ஒளித்துவைத்தார், அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். 37 பேர் மீது வழக்கு, ஜெயில். தண்டனை பெற்ற இருவரில் ஒருவர் சார்லஸ் லாங்ஸ்டன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் தாத்தா.

இந்தக் கதைக்கு அங்கே மாளிகை மாதிரி நினைவகம் எதுவும் கட்டவில்லை. டால்காட் விடுதி முன்னால் தரையிலிருந்து ஒரு ரயில் தண்டவாளம் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்கிறது, அவ்வளவுதான். தப்பிவந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வடக்கே அனுப்பிய ரகசிய வழிக்கு 'நிலத்தடி ரயில்' என்று பெயர், அதற்கான சிற்பம். ஜில்லென்று இருந்த அந்த இரும்பில் கை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பையன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். ஆலன் நினைவுக் கலைக்கூடம் கல்லூரியுடையது, 1917இல் திறந்தது. உள்ளே போக ஒரு பைசா கேட்பதில்லை. ஜெர்மானிய ஓவியர் கிர்ஷ்னர் 1915இல் தன்னைப் பட்டாள உடுப்பில் வரைந்த படம் அங்கேதான் இருக்கிறது: வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, கண்ணில் பாவையே இல்லாமல், வாயில் சிகரெட்டோடு. நிஜத்தில் அவருக்குக் கை போகவில்லை, போரில் மனசு போய்விட்டது, அதைத்தான் அப்படி வரைந்திருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது, 1940 முதல் அங்கே ஓவியங்களை மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அசல் ஓவியங்கள், பெரிய பெரிய கலைஞர்களுடையவை, ஒரு பருவத்துக்கு 5 டாலர். முதல் நாள் ராத்திரியே வந்து வாசலில் படுத்துக் கிடந்து வாங்கிக்கொண்டு போய் விடுதி அறைச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையை நம்பிக் கொடுக்கிறார்கள், அந்த நம்பிக்கைதான் என்னை உலுக்கியது.

சில வருடத்துக்கு முன்னால் நம்மூரில் ஒரு பழைய கல்லூரியின் நூலகத்தில் ஐம்பதுகளின் தமிழ்ப் பத்திரிகைத் தொகுப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் ஐடி கார்டு கேட்டார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். பிரின்சிபாலிடம் கடிதம் வாங்கி வாங்க என்றார். பிரின்சிபாலைப் பார்க்க உள்ளே போகணுமே என்றால், அதற்கும் கடிதம் வேண்டும். வெயிலில் நின்று பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். வாட்ச்மேன் மேல் கோபம் இல்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். கல்லூரி என்பது காம்பவுண்ட் சுவருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? பாதுகாப்பு வேண்டும், பெண்பிள்ளைகள் படிக்கிற இடம், எல்லாம் தெரியும், நானும் அப்படி ஒரு இடத்தில் படித்தவள்தான். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊருக்காக நூலகத்தைத் திறந்துவைக்க முடியாதா? மாணவர் நாடகத்தை, பேச்சைக் கேட்கத் தெருவிலிருப்பவரையும் கூப்பிட முடியாதா? மாவு மில் வைத்திருக்கும் அண்ணன் மகளுக்குத் தான் தினம் கடந்துபோகும் கல்லூரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பதினேழு வயது வரை தெரியாமலே போகிறது.

ஓபர்லின் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக் கட்டணமே 60,000 டாலருக்கு மேல், புல்வெளியில் நடக்கிற எல்லாராலும் வகுப்பில் உட்கார முடியாது. ஊரில் தலைமுறையாகக் கடை நடத்தும் ஒரு பேக்கரிக் குடும்பம் கல்லூரி மேல் அவதூறு வழக்குப் போட்டு, கடைசியில் 2022இல் கல்லூரி 3.6 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் சண்டையும் வரும். அப்படியிருந்தும் சுவர் எழுப்பவில்லை அவர்கள்.

போகிறவர்கள் கல்லூரி நடக்கிற மாதத்தில் போங்கள், விடுமுறையில் ஊர் வெறிச்சோடிவிடும். கார் இல்லாமல் போவது கஷ்டம். சாயங்காலம் வரை இருந்து கட்டாயம் ஒரு கச்சேரி கேளுங்கள், 1865இல் தொடங்கிய இசைக் கல்லூரி அது, பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் கிடையாது. நாங்கள் போன அன்று ஒரு மாணவியின் செல்லோ (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) அரங்கேற்றம் மாதிரி ஒன்று. அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். முன்வரிசையில் கம்பளித் தொப்பியோடு ஒரு வயதான ஜோடி, உள்ளூர்க்காரர்கள், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் யார் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் வாசலுக்கு வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னாள், என் கையையும் பிடித்துக்கொண்டாள், விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது.

எண்பதுகளில் லேடி டோக்கில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நமக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அந்த மிஸ் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அணிலைப் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.