மேல்மூடி மட்டும் காப்பிக்கொட்டையைக் காக்காது
மேல்மூடி காற்றுப்புகாததாக இருந்தால் வறுத்த காப்பிக்கொட்டை கண்ணாடி டிஸ்பென்சரில் (மேலே நிரப்பி, கீழ்த்திறப்பு வழியாக எடுக்கும் கலம்) மாதக்கணக்கில் மணம் மாறாமல் இருக்கும் என்று சொல்லப்படுவது சரியல்ல. கீழ்வழியாகக் கொட்டையை எடுக்கும் ஒவ்வொரு முறையும், வெளியேறிய கொட்டையின் இடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. அதிலுள்ள ஆக்சிஜனாலும், கண்ணாடியை ஊடுருவும் வெளிச்சத்தாலும் கொட்டையின் மணம் குன்றி, நாளடைவில் அதன் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். எனக்கு இதைவிடக் கவலை தருவது, பழைய கொட்டை தீருமுன் புதியதை மேலே கொட்டுவதும், உட்சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவாமல் விடுவதும்தான். சில நாள்களுக்கு வேண்டியதை மட்டும் டிஸ்பென்சரில் நிரப்புங்கள். மீதியைச் சிறு பைகளில் காற்றை நீக்கி மூடி ஃப்ரீசரில் வைத்து, எடுத்த பை அறை வெப்பநிலைக்கு வந்தபின்னரே திறந்தால், கொட்டையின்மீது ஈரம் படியாது.