போர்வெல் இறங்க இறங்க ஏறும் ஃப்ளோரைடு

கெலவரப்பள்ளி அணையைத் திறந்தால் தென்பெண்ணையில் நுரை பொங்குகிறது, உடனே செய்தியாகிறது. பெங்களூருக் கழிவு அது, பேசத்தான் வேண்டும். ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி பக்கம் நிறமோ மணமோ இல்லாமல் குடத்தில் வந்து விழுந்து, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடை யாரும் படம் பிடிக்க முடியாது. அதனாலேயே பேச்சும் இல்லை. கேட்டால், "இது நம்ம மண்ணோட குணம், என்ன செய்ய முடியும்" என்பதுதான் பதில்.

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பாறையில் ஃப்ளோரைடு இருப்பது இயற்கை. அதை இத்தனை வீடுகளின் சோற்றுப் பானைக்குள் கொண்டுவந்தது நாம் போட்ட போர், அதாவது ஆழ்துளைக் கிணறு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அடியில் கிடப்பது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ், கிரானைட் என்ற கெட்டிப் பாறைகள். இவற்றில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களுக்குள் ஃப்ளோரைடு அடைபட்டிருக்கிறது. தண்ணீர் பாறையோடு எவ்வளவு காலம் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கரையும். மேல்மட்டத்தில் மக்கின கல்லுக்குள் நிற்பது சமீபத்து மழைத் தண்ணீர். அதில் கால்சியம் இருக்கும். கால்சியம் இருக்கிற இடத்தில் ஃப்ளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது, இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். ஆயிரம் அடிக்குக் கீழே வெடிப்புகளில் கிடப்பது பழைய தண்ணீர். கால்சியமெல்லாம் சுண்ணாம்பாகப் படிந்துபோய், சோடியமும் பைகார்பனேட்டும் மிஞ்சிய காரத் தண்ணீர். ஃப்ளோரைடைத் தடுத்து நிறுத்த அதில் எதுவுமே கிடையாது. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், இப்படிப்பட்ட தண்ணீர் பல இடங்களில் வாய்க்கு நன்றாகவே இருக்கும், சோப்பும் நுரைக்கும். உப்புக் கரிக்கிற கிணற்றை விட்டுவிட்டு இதை "நல்ல தண்ணி" என்று தேடிப் பிடிப்பார்கள். நாக்கை வைத்து ஃப்ளோரைடைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தரைக் கிணற்றிலேயே ஃப்ளோரைடு இருந்த ஊர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போர் போடும் முறையைக் கவனியுங்கள். ரிக் வண்டி வந்து மேல்மண்ணும் மக்கின கல்லும் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்குகிறார்கள். அதாவது புது மழைத் தண்ணீர் தங்கும் அடுக்கை அடைத்துவிட்டு, பழைய தண்ணீர் கிடக்கும் அடுக்கில் மட்டும் மோட்டாரைத் தொங்கவிடுகிறோம். பக்கத்து வயல்காரர் 800 அடி போனால் இவர் 1,000 போக வேண்டியிருக்கிறது. மேலடுக்கு வற்றிக் கிணறு செத்துப் போகிறது. இறைத்த தண்ணீர் வயலில் ஆவியாகி, கரைந்திருந்தது மட்டும் செறிந்து மறுபடி மண்ணுக்குள் இறங்குகிறது. சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃப்ளோரைடு கலப்பாக இருக்கிறது, அதுவும் சேர்கிறது. தக்காளியும் பூவும் போட்டுக் கடனை அடைக்கப் பார்க்கும் விவசாயியை இதற்குக் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டுப்படுத்த வேண்டியவர்கள் கைவிட்டார்கள். 2003-இல் வந்த தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது.

அதே 2013 மே மாதத்தில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. ஜப்பான் நிதியுதவி, சுமார் 1,928 கோடி ரூபாய். பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருந்த திட்டம். ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து மலையேற்றி இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை. அதன் அருமையை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கெடுவது கடைசி இடத்தில், நம் ஊர் மேல்நிலைத் தொட்டியில்.

ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வரும் நாளில், தொட்டி நிரம்பாவிட்டால் ஊரே சண்டைக்கு வரும். டேங்க் ஆபரேட்டர் உள்ளூர் போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்புகிறார். கணக்கைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், போர் தண்ணீரில் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் உச்சபட்சம் 1.5. இந்தக் கலப்பில் அந்த உச்சமும் தாண்டிவிட்டது. குழாயில் வருவது "ஒகேனக்கல் தண்ணி" என்று நம்பி, இருந்த எச்சரிக்கையையும் மக்கள் விட்டுவிடுகிறார்கள். ஆபரேட்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரே தொட்டி, ஒரே பைப் என்று இருக்கும் வரை அவருக்கும் வேறு வழி இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஒரு தொட்டி, புழங்க இன்னொரு தொட்டி, இரண்டுக்கும் தனித்தனி லைன். இதுதான் தீர்வு. புழங்கும் தண்ணீருக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் நாலு குழாயும் தெருவில் வைத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

உங்கள் ஊர்த் தண்ணீர் திருந்திவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: பிள்ளைகளின் பல். நிலைத்த முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். பல் வெளியே வருவது ஆறு முதல் எட்டு வயதில். அதனால் நாற்பது வயதுக்காரரின் காவிப் பல் அவர் சின்ன வயதில் குடித்த தண்ணீரைச் சொல்லும். 2015-இல் பிறந்த பிள்ளையின் முன்பற்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுண்ணாம்பு வெள்ளைக் கோடோ பழுப்புக் கறையோ இருந்தால், அது திட்டம் வந்த பிறகும் குடித்த தண்ணீரைச் சொல்லும். பிரஷ்ஷால் தேய்த்தாலும் போகாது, கறை எனாமலுக்குள் இருக்கிறது. பள்ளிகளில் பத்து வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஒரு பல் மருத்துவர் பார்த்தால், அரை நாளில் ஊரின் நிலை தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு எலும்பில் பிடிக்கும். முகவாய் நெஞ்சைத் தொடுகிறதா, முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, இரண்டு கையையும் பின்தலைக்குக் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வயசாச்சு, வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். இறுகிய எலும்பைத் திருப்ப மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றினால் மேலும் மோசமாவது குறையும். கேழ்வரகு, கீரை, பால், நெல்லிக்காய் உடம்புக்குத் துணை நிற்கும்.

வீட்டில் நடக்கும் தப்புகள். முதலாவது, காய்ச்சிக் குடிப்பது. கிருமி சாகும், ஃப்ளோரைடு ஆவியாகாது. இரண்டு லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டவிட்டால் அளவு இரட்டிப்பாகும். இரண்டாவது, குடிக்க மட்டும் கேன் தண்ணி வாங்கிவிட்டு, களி கிண்டவும் உலை வைக்கவும் போர் தண்ணீரை ஊற்றுவது. களியும் சோறும் பருப்பும் அந்தத் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாவது, துணி வடிகட்டி, கேண்டில் பில்டர், யு.வி. விளக்கு. எதுவும் ஃப்ளோரைடைத் தொடாது. ஆர்.ஓ. எடுக்கும். ஆனால் 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் பாதியை வெளியே தள்ளினால், அந்தக் கழிவில் கிட்டத்தட்ட 6 இருக்கும். அதை மாட்டுத் தொட்டிக்குத் திருப்பாதீர்கள், மாட்டுக்கும் பல்லும் எலும்பும் இருக்கிறது. கக்கூஸுக்கும் வண்டி கழுவவும் ஊற்றுங்கள்.

ஃப்ளோரைடை நீக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் போடும் நல்கொண்டா முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்றால், காரத்தன்மையைப் பொறுத்து 40 லிட்டருக்குச் சுமார் 14 முதல் 20 கிராம் படிகாரம், அதில் இருபதில் ஒரு பங்கு சுண்ணாம்பு. பத்து நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடியில் படிந்ததைத் தொடாமல் மேல்தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். பரிசோதனை செய்யாமல் கண் அளவில் போட்டால் படிகாரத்தில் உள்ள அலுமினியம் தண்ணீரிலேயே தங்கும். தினமும் இதைத் துல்லியமாகச் செய்வது வீட்டில் நடக்காத காரியம் என்பதே என் கருத்து.

மழைத் தண்ணீரில் ஃப்ளோரைடு இல்லை என்றே சொல்லலாம். நமக்கு ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் வீணானது போக 60,000 லிட்டர் தேறும். முதல் பத்துப் பதினைந்து நிமிட மழையை வெளியே விட்டுவிட்டு, மூடிய 5,000 லிட்டர் தொட்டியில் பிடித்தால், நாள் ஒன்றுக்கு 40 லிட்டர் வீதம் நாலு மாதம் குடிக்கவும் சமைக்கவும் ஆகும். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. ஏரியும் கால்வாயும் ஒழுங்காக இருந்தால் அதில் ஒரு பங்காவது மேலடுக்கில் இறங்கி, செத்த கிணறுகளுக்கு உயிர் கொடுத்திருக்கும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மே 1-ஆம் தேதிக் கூட்டத்தை விடாதீர்கள், கோடையில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். அதற்கு முன்பே போர் வாய், மேல்நிலைத் தொட்டி, கடைசித் தெருக் குழாய் என்று மூன்று இடத்தில் தண்ணீர் எடுங்கள். மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர். கண்ணாடி வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, மூன்று எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தொட்டி எண், தேதியோடு தொட்டிச் சுவரிலும் பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். போர் வாயில் 3, குழாயில் 1.6 என்று வந்தால், தொட்டியில் கலக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தனி லைன் கேட்டுத் தீர்மானம் போட அந்த ஆய்வகச் சீட்டே போதும்.