ரொறன்ரோ சிற்றி ஹோல் வெறும் கொங்கிறீட் இல்ல

உங்கட கட்டுரையில ரொறன்ரோ நகரசபைக் கட்டடமான சிற்றி ஹோல 'பழைய கொங்கிறீட் குவியல்' எண்டு ஒரே வரியில முடிச்சிட்டீங்கள், வாசிக்க மனசுக்குக் கஷ்டமா இருந்தது. 1958ல நடந்த சர்வதேசப் போட்டிக்கு 500க்கு மேல டிசைன் வந்து அதில வெண்ட பின்லாந்துக்காரர் வில்ஜோ ரெவெல் கீறினது இது, 1965 செப்டெம்பரில திறக்கேக்க மனுசன் உயிரோட இல்ல, அதுக்கு முதல் வருசமே மோசம் போயிட்டார், அத நினைச்சா இப்பவும் நெஞ்சு கனக்கும்.

கட்டடத்தின்ர ரெண்டு ரவரும் ஒரே உயரமில்ல, ஒண்டு 27 மாடி மற்றது 20, நடுவில கவுன்சில் மண்டபம் சாஸர் மாதிரி, ரெண்டு கையால பொத்திப் பிடிச்ச மாதிரித்தான் எனக்குத் தெரியும். ரவரின்ர பின்பக்கம் போனீங்களோ? ஜன்னலில்லாத வளைஞ்ச சுவர், கிட்டப் பாத்தா மேலயிருந்து கீழ வரி வரியா ஓடும், மேற்குப் பக்கத்தில பின்னேர வெயில் சரிவா விழேக்க ஒவ்வொரு வரிக்கும் தனி நிழல். உள்ள லொபியில ஒரு லட்சத்துக்கு மேல ஆணி அடிச்சே செய்த சுவர்ச் சித்திரம் வேற இருக்கு.

வின்ரரில முன்னால இருக்கிற குளத்த ஸ்கேற்றிங் ரிங்க் ஆக்கிவிடுவினம், என்ர பிள்ளையள் விழுந்தெழும்பிப் பழகினது அதிலதான். அடுத்தமுறை வந்தா அந்தப் பின்சுவரையும் ஒருக்கா சுத்திப் பாருங்கோ.